தெரிந்தும் தெரியாதவர்: ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்னும் ஆங்கில மரபுத்தொடர்

ஆங்கிலச் செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படும். அனுமதியில்லாமல் நான்கு மாடி எழும்பும்வரை நகராட்சி ‘டர்ன்டு எ பிளைண்ட் ஐ’ என்று எழுதுவார்கள். ஆற்றில் கழிவுநீர் கலந்ததை அதிகாரிகளும், மாணவர்கள் காப்பி அடித்ததைத் தேர்வுக்கூடக் கண்காணிப்பாளரும் அப்படி விட்டுவிட்டதாக எழுதுவார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘குருட்டுக் கண்ணைத் திருப்புதல்’ என்று வரும். அப்படித் தமிழில் யாரும் பேசுவதில்லை. அதன் பொருளுக்கு நம்மிடம் வேறொரு சொல் தயாராக இருக்கிறது: கண்டும் காணாமல் விடுவது. பேச்சில் ‘கண்டுக்காம விட்டுட்டாங்க’ என்போமே, அதேதான்.

பொருள் எளிதுதான். ஆனாலும் புதிதாக ஆங்கிலம் பழகுகிறவர்கள் பலர் இதைப் பிசகாகப் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டார், அது அவர் கண்ணிலேயே படவில்லை என்ற இடத்தில் இதைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே இது பொருந்தாது. இந்தத் தொடரில் வருகிறவருக்கு விஷயம் தெரியும். தெரிந்த பிறகுதான் பார்க்காமல் இருப்பதென்று முடிவு செய்கிறார். அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இதன் உயிர்நாடி. அதை எடுத்துவிட்டால் வெறும் கவனக்குறைவுதான் மிஞ்சும். இதை மனத்தில் பதியவைக்க, இந்தத் தொடரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட வரலாற்றுச் சம்பவத்தைவிட நல்ல பாடம் கிடையாது.

கோபன்ஹேகன், 1801

அந்தச் சம்பவத்தின் நாயகர் ஹொரேஷியோ நெல்சன், பிரிட்டிஷ் கடற்படையின் தளபதி. 1758-இல் பிறந்தவர். பிள்ளைப் பருவத்திலேயே கடலுக்குப் போனவர். ‘சீஹார்ஸ்’ என்ற போர்க்கப்பலில் பதினைந்து வயதுப் பையனாக 1774-இல் சென்னைக்கும் வந்திருக்கிறார். கிழக்குக் கடல்களில் இரண்டு ஆண்டு சுற்றியபின் கடும் காய்ச்சலில் விழுந்து ஊர் திரும்பினார். அதற்குப் பதினெட்டு ஆண்டு கழித்து, 1794-இல் கோர்சிகா தீவின் கால்வி நகரை முற்றுகையிட்டபோது பீரங்கிக் குண்டு ஒன்று அருகில் விழுந்து மண்ணையும் கல்லையும் அவர் முகத்தில் வாரியடித்தது. வலது கண்ணின் பார்வை போயிற்று. வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறியும் அளவுக்கே அந்தக் கண்ணில் ஏதோ மிஞ்சியது. மூன்று ஆண்டுகளில், டெனரீஃப் தீவுத் தாக்குதலில் வலது கையையும் இழந்தார்.

1801-இல் பிரிட்டன் பிரான்சோடு போரில் இருந்தது. பிரான்சுக்குச் சரக்கு போகிறதா என்று நடுநிலை நாட்டுக் கப்பல்களையும் நிறுத்திச் சோதித்தது. இதை எதிர்த்து ரஷ்யா, சுவீடன், டென்மார்க், பிரஷ்யா நான்கும் கைகோத்தன. அந்தக் கூட்டணியை உடைக்க பால்டிக் பக்கம் ஒரு கடற்படை புறப்பட்டது. அதற்குத் தலைவர் சர் ஹைட் பார்க்கர். வயதிலும் பதவியிலும் மூத்தவர், நிதானி. நெல்சன் அவருக்குக் கீழே இரண்டாம் நிலையில் இருந்தார்.

ஏப்ரல் 2 காலை பத்து மணிவாக்கில், டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனின் துறைமுகத்துக்கு முன்னால் சண்டை தொடங்கியது. அங்கே கடல் ஆழம் குறைவு. அதனால் நெல்சன் தன் பெரிய கப்பலை விட்டு ‘எலிஃபண்ட்’ என்ற 74 பீரங்கிக் கப்பலுக்கு மாறியிருந்தார். அப்படியும் அவர் அணியின் மூன்று கப்பல்கள் மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டன. டேனியர்கள் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாகத் திருப்பி அடித்தார்கள். சில மைல் தள்ளி நின்ற பார்க்கருக்குத் தெரிந்ததெல்லாம் புகையும், தரைதட்டிய கப்பல்களில் ஏறிய ஆபத்துக் கொடிகளும்தான். பிற்பகல் ஒன்றரை மணிவாக்கில் அவர் கொடிச் சைகை எண் 39-ஐ ஏற்றச் சொன்னார். சண்டையை நிறுத்து என்பது அதன் பொருள்.

இதற்குப்பின் நடந்ததை, ‘எலிஃபண்ட்’ கப்பலில் படைவீரர்களுக்குத் தலைமை தாங்கி வந்திருந்த கர்னல் வில்லியம் ஸ்டூவர்ட் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். சைகைக்குப் பொறுப்பான அதிகாரி நெல்சனிடம் வந்து, தலைமைத் தளபதி 39 ஏற்றியிருக்கிறார், நாமும் அதைத் திருப்பி ஏற்ற வேண்டுமா என்று கேட்கிறார். தலைமைத் தளபதியின் சைகையை இரண்டாம் தளபதி தன் கப்பலிலும் ஏற்றினால்தான் மற்றக் கப்பல்களுக்கெல்லாம் தெரியும். நெல்சன், ஏற்ற வேண்டாம், கிடைத்தது என்று மட்டும் பதில் காட்டு என்கிறார். பிறகு, நம்முடைய 16 இன்னும் பறக்கிறதா என்று கேட்கிறார். எண் 16 என்றால் நெருங்கிப் போரிடு என்று பொருள். பறக்கிறது என்றதும், அதை இறக்கிவிடாமல் பார்த்துக்கொள் என்கிறார்.

அதன்பின் மேல்தளத்தில் இங்குமங்கும் நடக்கிறார். துண்டிக்கப்பட்ட வலது கையின் மிச்சப்பகுதி ஆடிக்கொண்டே இருக்கிறது. மனம் கொதிக்கும்போது அவரிடம் வரும் பழக்கம் அது என்கிறார் ஸ்டூவர்ட். பிறகு கப்பல் தலைவர் தாமஸ் ஃபோலியிடம் திரும்பி, “ஃபோலி, எனக்கு ஒரு கண்தான் என்று உனக்குத் தெரியும். சில நேரம் குருடாக இருக்க எனக்கு உரிமை உண்டு” என்கிறார். தொலைநோக்கியை எடுத்துப் பார்வையில்லாத கண்ணில் வைத்து, “எனக்குச் சைகை எதுவும் நிஜமாகவே தெரியவில்லை” என்கிறார்.

தொலைநோக்கி எல்லாருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் நடந்தது. சைகை கிடைத்தது என்று அவர் ஏற்கெனவே பதில் காட்டியாயிற்று. உத்தரவு என்னவென்று அவருக்கும் தெரியும், சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். யாரையும் ஏமாற்றவோ, தப்பித்துக்கொள்ளவோ அவர் தொலைநோக்கியை அந்தக் கண்ணில் வைக்கவில்லை. தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்கிறேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். தொடரின் பொருள் முழுவதும் இந்தச் செயலில் அடங்கிவிடுகிறது.

அதே பிற்பகலில் இன்னும் இரண்டு பேர் அந்தச் சைகையைப் பார்த்தார்கள். நெல்சனுக்கு அடுத்த நிலையில் இருந்த கிரேவ்ஸ், 39-ஐ மற்றவர்கள் கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் ஏற்றிவிட்டு, 16-ஐயும் இறக்காமல் வைத்துக்கொண்டார். உத்தரவை மீறினார் என்று அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அவருடைய கப்பல்களும் சண்டையை விடவில்லை. சிறு கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய எட்வர்ட் ரியூவுக்கு அந்த வசதி இல்லை. பார்க்கருக்கு அருகில் இருந்த அவர் கண்ணுக்குச் சைகை தெளிவாகத் தெரிந்தது, கீழ்ப்படிந்தார். நெல்சன் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று வருந்திக்கொண்டே ‘அமேசான்’ கப்பலைத் திருப்பச் சொன்னார். திரும்பிய கப்பலின் பின்புறம் டேனியப் பீரங்கிகளுக்கு நேராக வந்தது. ஒரு குண்டில் ரியூ அங்கேயே இறந்தார்.

நெல்சன் வென்றார். அன்று மாலைக்குள் பீரங்கிகள் ஓய்ந்தன, சண்டைநிறுத்தப் பேச்சு தொடங்கியது. அடுத்த மாதம் பார்க்கரை ஊருக்குத் திருப்பி அழைத்துவிட்டு, அவர் இடத்தில் நெல்சனையே தளபதியாக்கினார்கள். தோற்றிருந்தால் அவர் உத்தரவை மீறியவராக விசாரணைக் கூண்டில் நின்றிருப்பார்.

கதையில் எவ்வளவு உண்மை

ஸ்டூவர்ட்டின் விவரிப்பு நெல்சன் இறந்தபின் 1809-இல் வந்த வாழ்க்கை வரலாற்றில் அச்சேறியது. 1813-இல் கவிஞர் ராபர்ட் சதே எழுதிய நெல்சன் வரலாறு பள்ளிப் பிள்ளைகள்வரை அதைக் கொண்டுசேர்த்தது. இதில் மெருகு ஏறியிருக்கலாம் என்று சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. பார்க்கரின் சைகை கண்டிப்பான உத்தரவே இல்லை என்று சொல்லும் தரப்பும் உண்டு. நெல்சனால் தொடர முடிந்தால் அவர் அதைப் பொருட்படுத்த மாட்டார், முடியாவிட்டால் பின்வாங்க அது ஒரு சாக்காக இருக்கட்டும், பழி என்மேல் விழட்டும் என்று பார்க்கர் சொன்னதாக ஒரு குறிப்பு சதேயின் நூலிலேயே இருக்கிறது. அது உண்மையென்றால் பார்க்கர் மீது எனக்கு மதிப்புக் கூடுகிறது. பெருந்தன்மையான மனிதராக இருந்திருக்கிறார்.

படங்களில் பலரும் வரையும் கறுப்புக் கண்பட்டையை நெல்சன் அணிந்ததே இல்லை. பார்வை போன கண் வெளித்தோற்றத்தில் மற்றக் கண்ணைப் போலவேதான் இருந்தது. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் தூண்மேல் நிற்கும் சிலையிலும் கண்பட்டை இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், ஸ்டூவர்ட் எழுதிய வசனத்தில் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்ற தொடரே இல்லை. குருடாக இருக்க உரிமை உண்டு என்றுதான் நெல்சன் சொல்கிறார். ஆங்கிலத்தில் ‘டர்ன் எ டெஃப் இயர்’, அதாவது கேளாச் செவியைத் திருப்புதல் என்ற தொடர், நெல்சனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்தது. கண்ணைப் பற்றிய தொடரும் அதே அச்சில் வார்த்ததுதான். ஆகவே நெல்சன்தான் இதை உருவாக்கினார் என்று பல வலைத்தளங்கள் அடித்துச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கதை இந்தத் தொடருக்கு ஒரு முகம் கொடுத்தது, ஊரெல்லாம் பரப்பியது. அந்த அளவுக்குச் சொல்லலாம்.

இன்று நாம் சொல்லும் அதே வடிவம் 1823-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் இருக்கிறது. வியன்னாவில் வாழ்ந்த மார்த்தா வில்மட் என்ற பெண்மணி எழுதியது. அவ்வப்போது குருட்டுக் கண்ணையும் செவிட்டுக் காதையும் திருப்பிக்கொள்வோம், அதனால் பிரமாதமாகப் பொழுது ஓடுகிறது என்கிறார். இங்கே குற்றமும் இல்லை, ஊழலும் இல்லை. நான்கு பேரோடு அனுசரித்து வாழ்கிறவர் சின்ன உரசல்களைக் கண்டுகொள்ளாமல் விடுவதைச் சொல்கிறார். இந்த நல்ல பொருள் இன்றைக்கும் உண்டு. புது மருமகள் காலை எட்டு மணிவரை தூங்குவதை மாமியார் கண்டும் காணாமல் விட்டால் அதுவும் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’தான். ஆனால் செய்தித்தாளில் வரும்போது பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே வரும்.

எப்படிப் பயன்படுத்துவது

முழு வடிவம் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ டு’. கடைசியில் வரும் ‘டு’வுக்குப் பின்னால் எதைக் கண்டுகொள்ளவில்லையோ அது வரும். ‘தி டீச்சர் டர்ன்டு எ பிளைண்ட் ஐ டு தி நாய்ஸ்’ என்றால் வகுப்பில் சத்தம் நடந்தது, ஆசிரியர் கண்டுகொள்ளவில்லை. பின்னால் ஒரு செயல் வந்தால் அது ‘இங்’ விகுதியோடு வர வேண்டும்: ‘டு சீட்டிங்’, ‘டு ஸ்மோக்கிங்’. ‘டு சீட்’ என்று வினையை மொட்டையாக நிறுத்துவது நம் மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ‘ஐஸ்’ என்று பன்மையும் ஆக்கக்கூடாது. இரண்டு பேர் சேர்ந்து கண்டுகொள்ளாமல் விட்டாலும் ‘எ பிளைண்ட் ஐ’தான்.

எழுவாயாக வருகிறவர் ஏதாவது செய்யக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். ஆசிரியர், அதிகாரி, பெற்றோர், அரசு, நிறுவனம். தெருவில் நடக்கும் சண்டையைத் தள்ளி நின்று பார்க்கும் வழிப்போக்கருக்கு இது பொதுவாக ஒட்டாது. அவர் வேடிக்கை பார்க்கிறார். காவலர் அதே சண்டையைத் தாண்டி நடந்து போனால் ஒட்டும்.

பக்கத்தில் வரும் சில தொடர்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘லுக் தி அதர் வே’ என்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வது. பொருள் ஏறக்குறைய ஒன்றே. ‘டர்ன் எ டெஃப் இயர்’ வேண்டுகோள், எச்சரிக்கை, முறையீடு போன்று காதில் விழுகிறவற்றுக்கு. மக்கள் குடிநீர் கேட்டுக் கதறுவதை அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் அது செவி, குடிநீர்க் குழாயை ஒருவர் திருட்டுத்தனமாக உறிஞ்சுவதை விட்டுவிட்டால் அது கண். ‘பிளைண்ட் ஸ்பாட்’ முற்றிலும் வேறு. அது ஒருவருக்கு உண்மையிலேயே தெரியாமல் போகும் பகுதி. ‘பிளைண்ட்லி’ என்றால் யோசிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு என்று பொருள். இவை இரண்டிலும் நடிப்பு இல்லை.

பார்வையற்றோரைப் பற்றிய சொற்களை இப்படிக் குறைபாட்டுக்கு உவமையாக்குவது சரியா என்ற கேள்வியும் ஆங்கிலத்தில் எழுந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் குறித்த மொழிநடைக் கையேடுகள் சில, இதற்குப் பதில் ‘இக்னோர்’ அல்லது ‘லுக் தி அதர் வே’ என்று எழுதச் சொல்கின்றன. பொது அறிக்கையோ பாடப்புத்தகமோ எழுதும்போது அந்த ஆலோசனையை ஏற்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

நீதிமன்றத்தில் நெல்சன்

தெரியவில்லை என்பவருக்கும் தெரிந்துகொள்ள மறுப்பவருக்கும் உள்ள வேறுபாடு பல நேரம் கோடிக்கணக்கான பணத்தைத் தீர்மானிக்கும். அதனால் சட்டம் இந்தத் தொடரை அப்படியே எடுத்துக்கொண்டது. ‘பிளைண்ட் ஐ நாலெட்ஜ்’ என்பது இங்கிலாந்து நீதிமன்றங்களில் புழங்கும் கலைச்சொல்.

1990-இல் ‘ஸ்டார் சீ’ என்ற சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. அவசரகாலத் தீயணைப்புப் பம்பு வேலை செய்யவில்லை. கரியமில வாயுவைச் செலுத்தித் தீயை அடக்கும் ஏற்பாட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று கப்பல் தலைவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. அதே உரிமையாளர் தரப்பின் வேறு கப்பல்களில் முன்பே தீ விபத்துகள் நடந்திருந்தன. கடலுக்குத் தகுதியில்லாத கப்பல் என்று தெரிந்தே அதை உரிமையாளர் அனுப்பினால், அதனால் வரும் இழப்புக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்ல என்கிறது 1906-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம். உரிமையாளர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள் என்று காப்பீட்டாளர்கள் வாதிட்டார்கள். வழக்கு, அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவைவரை போய் 2001-இல் முடிந்தது. தீர்ப்பில் ஸ்காட் பிரபு கோபன்ஹேகன் சண்டையையே எடுத்துக்காட்டினார். நல்ல கண்ணில் வைத்தால் என்ன தெரியும் என்று நெல்சனுக்குத் தெரியும், அதைப் பார்க்காமல் இருக்கவே வேண்டுமென்று மற்றக் கண்ணில் வைத்தார் என்றார். அதிலிருந்து இரண்டு நிபந்தனைகளைச் சொன்னார். ஏதோ தவறு இருக்கிறது என்ற சந்தேகம் மனத்தில் எழுந்திருக்க வேண்டும். அதை உறுதிசெய்துகொள்ளாமல் விடுவது என்று தெரிந்தே முடிவெடுத்திருக்க வேண்டும். இந்த உரிமையாளர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள், ஆனால் கண்டும் காணாமல் விட்டார்கள் என்று சொல்லும் அளவுக்குப் போகவில்லை என்று தீர்ப்பாயிற்று. காப்பீட்டாளர்களின் வாதம் நிற்கவில்லை.

அமெரிக்காவில் இதற்கு ‘வில்ஃபுல் பிளைண்ட்னெஸ்’ என்று பெயர். 2011-இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு ஒரு பொரிக்கும் பாத்திரத்தைப் பற்றியது. எண்ணெய் கொதித்தாலும் வெளிப்புறம் சுடாத மின்பொரிப்பான் ஒன்றுக்கு எஸ்இபி என்ற பிரெஞ்சு நிறுவனம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தது. பென்டால்ஃபா என்ற ஹாங்காங் நிறுவனம் அதில் ஒன்றைக் கடையில் வாங்கி, வெளிச்சோடனை தவிர மற்றதையெல்லாம் அப்படியே நகலெடுத்தது. ஹாங்காங்கில் விற்ற அந்தப் பாத்திரத்தில் அமெரிக்கக் காப்புரிமைக் குறி எதுவும் இல்லை. பிறகு, இதை விற்பதில் யாருடைய காப்புரிமையாவது குறுக்கே வருகிறதா என்று ஆராய ஒரு வழக்கறிஞரை அமர்த்தியது. எதைப் பார்த்து நகலெடுத்தோம் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் தேடிவிட்டு, பிரச்சினை எதுவும் தென்படவில்லை என்று கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தைக் காட்டி, எங்களுக்குக் காப்புரிமை பற்றித் தெரியாது என்றார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்கறிஞரிடம் சொல்லாமல் விட்டதே அவர்களுக்குச் சந்தேகம் இருந்ததற்குச் சான்று என்று எடுத்துக்கொண்டது. நெல்சனின் தொலைநோக்கி வேலையை இங்கே அந்தக் கடிதம் செய்தது.

இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அன்றாட எழுத்தில் இந்தத் தொடரை எங்கே கையாளலாம் என்பதும் விளங்கும். அலுவலகத்தில் ஒரு தவறு நடந்துவிட்டது, அதைப் பற்றி மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறீர்கள். கணக்குப் பிரிவு அதைக் கவனிக்கவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘மிஸ்டு’ என்று எழுதுங்கள். ‘ஓவர்லுக்டு’ என்பதும் சரி. அது தற்செயலாகத் தவறவிட்டதையும் குறிக்கும், வேண்டுமென்றே விட்டதையும் குறிக்கும், படிப்பவர் பெரும்பாலும் முதல் பொருளில்தான் எடுத்துக்கொள்வார். ‘டர்ன்டு எ பிளைண்ட் ஐ’ என்று எழுதிவிட்டால், அவர்களுக்குத் தெரியும், தெரிந்தே விட்டார்கள் என்று நீங்கள் குற்றம் சாட்டிவிட்டீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்று காட்ட ஒரு பழைய மின்னஞ்சலோ, கூட்டக் குறிப்போ கையில் இருந்தால் எழுதுங்கள்.